மேற்குப் பக்கத்து வேர்கள்

கத்தி மரத்தின் மேல் வழுக்கிப் போகும்போது சத்தம் வரக் கூடாது. வந்தால் மரம் இன்னும் ஊறவில்லை, அல்லது கத்தி மழுங்கிவிட்டது. பன்னிரண்டு வருடங்களாக செல்வின் அந்தச் சத்தமின்மையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் அவன் லேப் அசிஸ்டென்ட். ஆராய்ச்சி மாணவர்கள் கொண்டுவரும் மரத்துண்டுகளை மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் பூட்டி, வெங்காயத் தோலைவிட மெல்லிதாகச் சீவி, சிவப்புச் சாயத்தில் தோய்த்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பான். ஒட்டிக் கொடுத்ததோடு அவன் வேலை முடிந்தது. அதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், பார்த்ததை எழுதுவதும், எழுதியதற்குப் பட்டம் வாங்குவதும் மற்றவர்கள். அதில் அவனுக்கு வருத்தம் என்று ஒன்றும் இல்லை. பேசத் தேவையில்லாத வேலை. அது போதும் என்றே அவன் நினைத்துவந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம். கோடை விடுமுறையின் கடைசி நாட்கள். துறையில் அவனையும் கல்பனாவையும் தவிர யாரும் இல்லை. கல்பனாவுக்கு வத்திராயிருப்பு. முனைவர் பட்டத்துக்கு மூன்றாவது வருடம். கொடைக்கானலில் வேர்நோய் கண்ட பைன் மரங்களிலிருந்து பென்சில் தடிமனுக்கு எடுத்த மரக்குச்சிகளை ஸ்ட்ராக்களில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒரு வாரமாக அவன் அவற்றைத்தான் சீவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, செத்த இங்க வந்து பாருங்களேன். நீங்க வெட்டுனதுதான். அவ்வளவு அழகா வந்துருக்கு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குனிந்தான். பைன் மரத்தின் செல்கள் எப்போதும் அவனுக்குப் பேண்டேஜ் துணியை ஞாபகப்படுத்தும். ராஜபாளையத்தில் வீட்டுக்கு வீடு தறியில் அவன் பார்த்து வளர்ந்த துணி. ஒரே அளவுக் கட்டங்கள், வரி வரியாக. ஆனால் இங்கே ஓரிடத்துக்குப் பிறகு கட்டங்கள் சிறுத்திருந்தன. வருட வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒடுங்கின. ஒவ்வொரு வளையத்திலும், தையல் மிஷின் நூலில்லாமல் ஓடிப்போனதுபோல, ஓட்டைகள் வரிசையாக நின்றன.

"இது என்ன, இம்புட்டு ஓட்டை?"

"பிசின் குழாய்ண்ணே. பைன்ல எப்பவும் இருக்கும், அங்கொண்ணு இங்கொண்ணா. இப்படி வரிசை கட்டி நின்னா மரம் எதையோ தாங்க முடியாம பிசினா சுரந்து தள்ளுதுன்னு அர்த்தம். கீழ வேர்ல பூஞ்சை ஏறுன வருஷத்துல இருந்து இப்படி ஆரம்பிக்கும். செல்லெல்லாம் பாருங்க, எப்படிச் சூம்பிப் போச்சு. தண்ணி கிடைக்கல."

"மேல பாத்தாத் தெரியாதா?"

"எங்க தெரியுது? நான் சாம்பிள் எடுத்ததுலயே ரெண்டு மரம் போன வருஷம் காத்துல சாஞ்சுச்சு. பச்சைப்பசேல்னு இருந்துச்சுண்ணே. கொத்துக் கொத்தாக் காய்."

செல்வின் நிமிரவில்லை. "அந்த மரம் கனக்குமோ?"

"பிசின் ஊறுனா கனக்காம? தேன் நிறத்துல, கல்லு மாதிரி இருக்கும். அதப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாறுறது. அடிமரம் கெட்டியாத்தான் நிக்கும். பிடிமானம் கீழ எப்பவோ போயிருக்கும்."

அவன் கண் மைக்ராஸ்கோப்பிலேயே இருந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை. தேன் நிறத்தில் ஒரு குச்சியை அவனும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறான்.

ராஜபாளையத்தின் மேற்கு ஓரத்தில், அவன் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்தின் பின்புறம் ஒரு பைன் மரம் நிற்கிறது. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் கொடைக்கானலிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு போதகர் கன்றாகக் கொண்டுவந்தது. இந்த வெக்கையில் அது பிழைத்ததை ஊர்க்காரர்கள் இன்னும் அதிசயமாகத்தான் சொல்வார்கள். கடந்த பிப்ரவரியில், காற்றே இல்லாத ஒரு காலையில், அதன் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் சபையின் பாலர் பள்ளிக்குத் தகரக் கொட்டகை போடுவதாக இருந்தார்கள். சபைக் கமிட்டியில் பேச்சு வந்தது. "நம்ம செல்வின் காலேஜ்ல மரத்த அறுத்து டெஸ்ட் பண்ணுத ஆளு. அவன் பாத்துச் சொல்லட்டுமே" என்றார் செயலாளர் ஜேசுதாசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அதுவரை கமிட்டியில் அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை.

துறையிலிருந்து போரர் என்ற துளைக்கருவியைக் கேட்டு எடுத்துப்போய், மார்பு உயரத்தில் மரத்தைத் துளைத்துக் குச்சியை உருவினான். சுற்றி இருபது பேர் நின்றார்கள். குச்சி எங்கும் உடையவில்லை, பொக்கு இல்லை. உள்ளங்கையில் கனமாக, பட்டையை ஒட்டிய பகுதி முழுக்கத் தேன் நிறத்தில், மினுமினுவென்று கிடந்தது. தச்சு வேலை செய்யும் ஞானதுரை சுத்தியலின் பின்புறத்தால் அடிமரத்தில் நாலைந்து இடத்தில் தட்டினார். "கேட்டியாலே சத்தத்த? வைரம் பாஞ்சு நிக்கி" என்றார். வைரம் என்ற சொல் கூட்டத்தில் கைமாறிப் போவதை செல்வின் பார்த்தான். எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் குச்சியைச் சீவி, சாயமேற்றிப் பார்க்க அவனுக்கு ஒரு நாள் போதும். ஆனால் பார்ப்பது மற்றவர்கள் செய்யும் வேலை என்ற பழக்கத்தாலோ, அந்த முகங்கள் காத்திருந்ததாலோ, அவன் அங்கேயே சொல்லிவிட்டான். "மரம் நல்லா இருக்கு." மினிட் புத்தகத்தில் அப்படியே ஏறியது. ஏப்ரலில் மரத்துக்குக் கிழக்கே, இருபதடி தள்ளிக் கொட்டகை எழுந்தது. வரும் திங்கட்கிழமை திறப்பு. இருபத்திரண்டு பிள்ளைகள். டீச்சர் அவன் மனைவி ஸ்வீட்லின்.

அந்தக் குச்சி ஒரு ஸ்ட்ராவுக்குள் இதே லேபில் அவன் மேஜை இழுப்பறையில் இருந்தது. ஞாபகத்துக்கென்று வைத்துக்கொண்டது. அதை எடுத்து, கல்பனாவிடம் ஒன்றும் சொல்லாமல், வெந்நீரில் போட்டான். ஊறும்வரை கத்தியைத் தீட்டினான். இயந்திரத்தில் பூட்டி முதல் சீவலை எடுத்தபோது சத்தம் வந்தது. பிசின். கத்தியைத் துடைத்துத் துடைத்துச் சீவ வேண்டியிருந்தது. ஆறாவது சீவல்தான் முழுசாக வந்தது. சாயம் ஏற்றி, ஒட்டி, ஓரத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தான்.

நடுவிலிருந்து வெளியே போகப்போக வளையங்கள் அகலமாக, நிதானமாக இருந்தன. அதன்பின் ஒரு வளையத்தின் நடுவே ஓட்டைகளின் முதல் வரிசை. அடுத்த வளையம் அதில் பாதிதான். அதிலும் ஒரு வரிசை. அடுத்ததிலும். பட்டையை நெருங்க நெருங்க வளையங்களைப் பிரித்துப் பார்ப்பதே கடினமாகிவிட்டது. முதல் ஓட்டை வரிசையிலிருந்து அவன் மூன்று முறை எண்ணினான். ஏழு, எட்டு, மறுபடி எட்டு.

கல்பனா பின்னால் வந்து நின்றிருந்தாள். அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"இது என் சாம்பிள் இல்லையேண்ணே. எங்க உள்ளது?"

"நம்ம ஊர்ப் பக்கம்தான்."

"இங்க பைனா?" என்றவள் மறுபடி குனிந்தாள். "மலைக்குக் கீழ வளர்ற மரத்துக்கு வருஷம் எண்றது கஷ்டம். மழை தப்புனா பொய் வளையம் விழும். ஏழு எட்டு வருஷம்னு தோராயமா வச்சுக்கலாம். ஆனா வருஷா வருஷம் ஒரே பருவத்துல அடி வாங்கியிருக்கு. பாருங்க, வரிசை எல்லாம் வளையத்துல ஒரே இடத்துலதான் வருது."

"விழுமா?"

"ஒரு குச்சிய வச்சு விழும் விழாதுன்னு யாரும் சொல்ல முடியாதுண்ணே. வேரத் தோண்டிப் பாக்கணும்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "ஆள் பொழங்குற இடமா?"

"ஆமா."

"எத்தன பேரு?"

"இருபத்தி ரெண்டு" என்றான். மேஜைத் துணியை எடுத்துக்கொண்டே, "சின்னப் பிள்ளைக" என்றான்.

கல்பனா மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள். அவன் மேஜையைத் துடைக்கத் தொடங்கினான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

ராஜபாளையம் பஸ்ஸில் மேற்கு பார்த்த ஜன்னலோரம் கிடைத்தது. வழக்கமாக அவன் விரும்பிப் பிடிக்கும் இடம். இன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. மலைக்கு மேல் மேகம் கம்பளிபோல உட்கார்ந்திருந்தது. அது அப்படி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் கேரளத்தில் மழை, இந்தப் பக்கம் காற்று. இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆனி பிறந்ததும் இறங்கும். அதன்பின் இரண்டு மாதம் ஊரில் கதவு ஜன்னல் எதுவும் சும்மா இருக்காது. எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே. கொட்டகை கிழக்கே இருக்கிறது.

ஜேசுதாசன் சாரைக் கூப்பிட நினைத்து மூன்று முறை போனை எடுத்தான். என்ன சொல்வது? ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன என்றா? எட்டு வருடம் என்ற எண் மட்டும் பஸ்ஸோடு சேர்ந்து அவனுக்குள் குலுங்கிக்கொண்டே வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த மரத்துக்கு என்ன நடந்தது? கிணறு வெட்டவில்லை, சுவர் எழுப்பவில்லை. அந்த வருடம் தேவாலயத்தின் முன்புறம் முழுக்கச் சிமெண்ட் கல் பாவினார்கள், அவ்வளவுதான். அதுவும் மரத்திலிருந்து வெகு தூரம். கல் கரியாகிவிடும் என்பதால் அந்த வருடத்திலிருந்து சபை விருந்தான அசனத்தின் சமையலைப் பின்பக்கம் மாற்றினார்கள்.

பஸ் ஊருக்குள் நுழையும் இடத்தில் பேண்டேஜ் துணிகளைக் கயிற்றில் காயப்போட்டிருந்தார்கள். மாலை வெயிலில் வெள்ளை வெள்ளையாக, ஒரே திசையில் தூக்கிக்கொண்டு நின்றன. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், எட்டு வருடமாக அந்த வேர்களில் என்ன இறங்கியது என்று அவனுக்குத் தெரிந்தது.

வருடா வருடம் மே மாதம் சபையின் அசனம். எண்ணூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பொதுவிருந்து. பைன் மரத்தின் மேற்குப் பக்கம் அடுப்பு மூட்டி, முழங்கால் உயர அண்டாக்களில் அரிசி வேகும். முதல் வருடம், முதல் அண்டாவை வடித்தபோது, கஞ்சியை எங்கே கொட்டுவது என்று நின்றார்கள். வாய்க்கால் தெருவைத் தாண்டி இருந்தது. அண்டாவின் ஒரு காதைச் சாக்கால் பிடித்திருந்தவன் செல்வின். கை பொசுங்கியது. "இதுவும் நம்ம சபை மெம்பர்தான? இதுக்கும் ஒரு பங்கு ஊத்துங்க" என்று மரத்தைக் காட்டி அவன்தான் சொன்னான். அபூர்வமாக அவன் சொன்ன ஒரு வேடிக்கை. எல்லாரும் சிரித்தார்கள். கொதிக்கக் கொதிக்க மரத்தடியில் ஊற்றினார்கள். அடுத்த வருடம் அது வழக்கமாயிற்று. அதற்கடுத்த வருடம் போதகர் முதல் அண்டாவுக்கு ஜெபம் செய்ததும், "மரத்துக்கு வச்சாச்சா?" என்று பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். முதல் அண்டா மட்டுமல்ல, பதினாலு அண்டாக் கஞ்சியும் அங்கேதான். நிலம் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்வு. கஞ்சி ஓடாது. ஆவி பறக்கத் தேங்கி நின்று, மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். மூன்று வாரத்துக்கு முன்னால்கூட ஊற்றினான். பிப்ரவரியில் மரம் நல்லா இருக்கு என்று சொன்ன பிறகு, அந்தச் சந்தோஷத்தில், இந்த முறை பதினாலு அண்டாவுக்கும் ஒரு பக்கக் காதை அவனே பிடித்தான்.

வீட்டில் ஸ்வீட்லின் தரையில் சார்ட் அட்டைகளைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் ஒரு பழத்தின் மேல் எழுதிக்கொண்டிருந்தாள். மாம்பழம், கொய்யா, சீத்தா. கோடை முழுக்க அவள் தெருத்தெருவாக நடந்து சேர்த்த பிள்ளைகள். மில்லுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், பேண்டேஜ் தறி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள். போன வருடம் வரை பள்ளி, சபை மண்டபத்தின் ஒரு மூலையில் நடந்தது. மண்டபத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் நாளிலெல்லாம் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. கொட்டகைக்காக அவள் இரண்டு வருடம் கமிட்டியிடம் நடந்தாள்.

"காப்பி அடுப்புல இருக்கு. நீங்களே ஊத்திக்கிடுங்க. எந்திரிச்சா இந்த வரிசை கலைஞ்சுரும்" என்றாள். பிறகு அவன் நிற்பதைப் பார்த்து, "என்ன, காலேஜ்ல எதும் சொன்னாவளா?"

"இல்ல."

"பொறவு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பஸ்ல கூட்டம்."

அவள் ஒரு சீத்தாப்பழத்தைத் தூக்கிக் காட்டினாள். "இது சீத்தாவாத் தெரியுதா, கள்ளிப்பூவாத் தெரியுதா?"

"சீத்தாதான்" என்றான். அவன் சரியாகப் பார்க்கவில்லை. சமையலறைக்குள் போய் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது சொல்லலாம். நாலு எட்டு வைத்தால் அவள் முன்னால் போய்விடலாம். ஆனால் வேரை இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமல் ஒருமுறை சொன்னதுதானே இவ்வளவும். பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். அது நியாயமாகவும் இருந்தது, கோழைத்தனமாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று அவனால் பிரிக்க முடியவில்லை. கூடத்தில் கத்தரிக்கோல் அட்டையை வெட்டிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு தேவாலயத்தின் பின்புறம் போனான். மேற்குப் பக்கம் அசன அடுப்பின் கல்லும் கரியும் அப்படியே கிடந்தன. மரத்திலிருந்து நாலடி தள்ளித் தோண்ட ஆரம்பித்தான். மண் வெட்டுக்கு எதிர்க்கவே இல்லை. புளித்த வாடை வந்தது.

"என்னலே, புதையல் எடுக்கியா?" பட்டறை பக்கத்திலேயே என்பதால் ஞானதுரை பல்குச்சியோடு வந்து நின்றார்.

"வேரப் பாக்கணும் அண்ணாச்சி."

"பிப்ரவரியில மேல பாத்த, இப்பக் கீழ பாக்க. டாக்டர்மாரு எல்லாம் இப்படித்தான். போற நேரமெல்லாம் புதுசா ஒரு டெஸ்ட் எழுதிருவானுவ."

செல்வின் தோண்டிக்கொண்டே இருந்தான். முழங்கை தடிமனில் ஒரு வேர் தட்டுப்பட்டது. மண்ணைக் கையால் விலக்கினான். பிடித்ததும் பட்டை காலுறைபோல வழுக்கிக் கழன்று கையோடு வந்தது. உள்ளே வெளுப்பாக, ஈரமாக, நார் நாராக இருந்தது. விரலை அழுத்தினான். விரல் உள்ளே போனது. கொஞ்சம் தள்ளி இன்னொரு வேர். அதுவும் அப்படியே. மூன்றாவதை மண்வெட்டியின் காம்பால் நெம்பினான். அவிந்த கிழங்குபோலத் துண்டாக உதிர்ந்தது.

ஞானதுரை குச்சியைத் துப்பினார். குனிந்து அந்தத் துண்டை வாங்கி முகர்ந்தார். பிறகு நடந்துபோய், கீழே கிடந்த கருங்கல் ஒன்றை எடுத்து அடிமரத்தில் தட்டினார். கணீர் என்றது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் கணீர் என்றது.

"சத்தம் நல்லாத்தானேலே இருக்கு" என்றார். கல்லைக் கையில் புரட்டிக்கொண்டே, மெதுவாக, "நாப்பது வருசமா இந்தச் சத்தத்த வச்சுத்தான் மரம் வாங்குதேன்."

"பிசின் அண்ணாச்சி. வைரம் இல்ல."

அவர் கல்லைக் கீழே வைத்தார். "மினிட் புக்குல எம்பேரும் இருக்கா?"

"இல்ல. எம்பேருதான்."

"ம்" என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை அவரே விரும்பவில்லை என்று தெரிந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்வின் அங்கிருந்தே ஜேசுதாசனைப் போனில் கூப்பிட்டான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது கோர்வையில்லாமல் கேட்டது. ஓட்டை, வளையம், கஞ்சி. எதிர்முனையில் பிரஷர் குக்கர் சத்தம் வந்துகொண்டிருந்தது. "செல்வின், நீ நல்லா இருக்குன்ன. அத நம்பி ஷெட் போட்டாச்சு. திங்கக்கிழமை திறப்புக்கு ஆளெல்லாம் வாராவ. இப்பக் கஞ்சி ஊத்துனது தப்புன்னு சொல்லுத. எண்ணூறு பேரும் சேந்து மரத்தக் கொன்னுட்டோம்னு சபையில சொல்லவா? எழுதிக் குடு. அடுத்த மாசம் ரெண்டாம் ஞாயிறு கமிட்டி" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

போனை வைத்துத் திரும்பியபோது ஸ்வீட்லின் கேட்டருகே நின்றிருந்தாள். ஒரு கையில் விளக்குமாறு, இன்னொரு கையில் சார்ட் சுருள். ஞானதுரை பட்டறைப் பக்கமாக நகர்ந்து போனார். அவள் குழியைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த சேற்றைப் பார்த்தாள்.

"என்னது இது?"

அவன் சொன்னான். இந்த முறை கோர்வையாக வந்தது. நேற்று மதியம் முதல் இப்போது கிடைத்த வேர் வரை, எதையும் விடாமல். கஞ்சி தன் யோசனை என்பதையும் சொன்னான். அவள் சார்ட் சுருளைக் கொட்டகையின் திண்டில் பத்திரமாக வைத்தாள்.

"பிப்ரவரியில அம்புட்டு பேரு முன்னாடி நீங்கதான நல்லா இருக்குன்னிய."

"ஆமா."

"அத நம்பித்தான நான் வீடு வீடாப் போயி, இனி லீவே இல்ல, சொந்த எடம்னு சொன்னேன்."

"ஆமா."

"நேத்து மத்தியானமே ஒங்களுக்குத் தெரியும்."

"வேரப் பாக்காம எப்படி..."

"ராத்திரி முழுக்கப் பக்கத்துல படுத்துக் கெடந்திய." அவள் குரல் உயரவில்லை. "சீத்தாப்பழம்னு சொன்னிய."

அவன் மண்வெட்டியின் காம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மௌனம் லேபில் இருக்கும் மௌனம்போல இல்லை. அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அவள் கொட்டகைக்குள் போனாள். சிவப்பும் மஞ்சளுமாக அடித்த குட்டி நாற்காலிகள் அரைவட்டமாகப் போட்டிருந்தன. ஒன்றைச் சரிசெய்தாள். வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். கொட்டகையின் தகரத்துக்கு மேலே மரம் அடர்ந்து, பச்சையாக, நுனியில் புதுத் தளிர் விட்டு நின்றது. மதியம் திரும்பினால் அதன் நிழல் தகரத்தையும், கீழே இருபத்திரண்டு நாற்காலிகளையும் ஒன்று விடாமல் மூடிவிடும். அதற்காகத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் வெளியே வந்தாள்.

"இது காஞ்ச மரம் மாதிரியா இருக்கு? நீங்களே சொல்லுங்க. இதக் காட்டி, நாளைக்குக் கோயில்ல எந்திரிச்சு, பிள்ளைகள அனுப்பாதியன்னு நான் எப்படிச் சொல்ல? மண்டபம் இனிக் கிடையாதுன்னு எழுதியே குடுத்துட்டாவ. ஸ்கூலு இல்லன்னா அந்தப் பிள்ளைக மெஷின் பக்கத்துலதான் கெடக்கும். தறிக்குக் கீழ தொட்டில் கட்டிப் போட்டிருக்கத ஒங்களக் கூட்டிட்டுப் போயிக் காட்டவா?"

"எனக்குத் தெரியும்."

"அப்பச் செரியாச் சொல்லுங்க. இது விழுமா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நாளைக்கு விழலாம். பத்து வருசம் நிக்கலாம். இந்தப் பக்கம் வேர் இல்ல. அந்தப் பக்கம் எம்புட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதத வச்சு நான் பள்ளிக்கூடத்த மூடணும்."

"தெரிஞ்ச மாதிரிச் சொன்னதுதான் தப்பாயிருச்சு" என்றான்.

மேற்கே எங்கோ கதவு ஒன்று அடித்துக்கொண்டது. முதல் காற்று வந்தது. பெரிய காற்றில்லை. சேலைத் தலைப்பைத் தூக்கிவிட்டுப் போகும் அளவுக்குத்தான். மேலே பைன் ஊசிகள் நீளமாக மூச்சுவிட்டன. அடிமரம் அசைந்ததாகவே தெரியவில்லை. செல்வின் தற்செயலாகக் குழியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோண்டாத தரையில், மரத்தைச் சுற்றி வளைவாக, மயிரிழை அளவில் ஒரு வெடிப்பு இருந்தது. காய்ந்த மண்ணில் இருக்கும் வெடிப்பு என்றுதான் நினைத்திருந்தான். காற்று வந்தபோது அது விரிந்தது. காற்று போனபோது மூடிக்கொண்டது.

அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்தான்.

"ஸ்வீட்லின், இங்க வா."

"எதுக்கு?"

"வா. கைய இங்க வையி."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு, அவனைத் தொடாமல், சற்றுத் தள்ளிக் குந்தினாள். உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான், பொறு என்பதுபோல.

காற்று மறுபடி வந்தது. அவள் கைக்குக் கீழே தரை எழும்பியது. ஒரு விரற்கடை இருக்கும். அவள் கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழும்பி, கொஞ்சம் நின்று, பிறகு அலுங்காமல் இறங்கியது.

ஸ்வீட்லின் கையை எடுக்கவில்லை. அவள் கண் கொட்டகைக்குள் இருந்த நாற்காலிகளின் மேல் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. செல்வின் மலைப்பக்கம் பார்த்தான். தூரத்தில், கம்மாய்க்கு அந்தப் புறத்துத் தென்னைகள் அடுத்த, பெரிய காற்றில் இந்தப் பக்கமாக வளையத் தொடங்கியிருந்தன. பிறகு அதற்கு இந்தப் புறத்துத் தென்னைகள். பிறகு சுடுகாட்டோரத்துக் கருவேலங்கள்.